சம்பந்தி விருந்தில் ஆஸ்பத்திரிப் பழம்

1

இங்கிலாந்தில் அக்டோபர் பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் யாரும் யாரையும் நிம்மதியாக இருக்க விடுவதில்லை. வீட்டுக்கு வீடு கொல்லையில் ஆப்பிள் மரம். வீட்டுக்காரர்கள் தின்று தீர்க்க முடியாத காய்ப்பு. காலையில் கதவைத் திறந்தால் வாசற்படியில் ஒரு பை நிறைய ஆப்பிள் உட்கார்ந்திருக்கும். வைத்தது யார் என்று தெரியாது. நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. எங்கள் மரத்து ஆப்பிளை ஒரு பையில் போட்டு, எதிர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு ஓடி வந்துவிடுவோம். சில சமயம் நாங்கள் வைத்த பையே நாலு வீடு சுற்றி எங்களிடம் திரும்பி வரும். சிதம்பரத்துத் துணிக்கடைப் பை என்பதால் எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

ஊரில் கிடைக்கும் ஆப்பிள் மாதிரி இதை நினைத்துக்கொள்ளாதீர்கள். பச்சை நிறம், கோணல் வடிவம், கடித்தால் பல் கூசும் புளிப்பு. சமையல் ஆப்பிள் என்கிறார்கள். இங்குள்ளவர்கள் இதை நறுக்கிச் சர்க்கரை கொட்டி, மேலே மாவைத் தூவிச் சுட்டு, மஞ்சளாகக் கஸ்டர்டை ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். நான் முதல் கடியிலேயே, இது ஆப்பிள் வேஷம் போட்டு வந்த மாங்காய் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஆப்பிள் தொக்கு, ஆப்பிள் பச்சடி, ஆப்பிள் சாம்பார். எல்லாவற்றுக்கும் மேலாக ஆப்பிள் கொத்சு. கத்தரிக்காயில் செய்ய வேண்டியதை ஒரு சிதம்பரத்துக்காரி ஆப்பிளில் செய்கிறாள் என்று தெரிந்தால் ஊரில் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா என்பது சந்தேகம்தான். ஆனால் கொத்தமல்லி விதை, கடலைப்பருப்பு, மிளகாய், வெந்தயம் எல்லாம் வறுத்துப் பொடித்து, புளியைப் பாதியாகக் குறைத்து, ஆப்பிள் கரையும் நேரத்தில் நல்லெண்ணெயை விட்டு இறக்கினால் வாசனை தெருக்கோடி வரை போகும்.

இன்று அந்த வாசனைதான் வீடு முழுக்க. சாயங்காலம் பக்கத்து வீட்டு டென்னிஸும் அவர் மனைவியும் சாப்பிட வருகிறார்கள். டென்னிஸ் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் கொல்லையில் விளைந்த பூசணியும் பீன்ஸும் ஏற்கனவே என் அடுப்பில் ஏறிவிட்டன. என் மகள் நிலா மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்காவது எல்லார் வீட்டையும் போல ஆப்பிளில் இனிப்பு செய்யக் கூடாதா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவளுடைய தமிழ் சாப்பாட்டு மேஜையைத் தாண்டுவதில்லை. வேணும், வேணாம், போதும். இந்த மூன்றில் 'வேணாம்'தான் உச்சரிப்பு சுத்தமாக வரும்.

இன்று இவ்வளவு தடபுடலாகச் சமைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. என் தம்பி பாபுவின் கல்யாண நாள். 2008-இல் நடந்த அந்தக் கல்யாணம் இதே ஆப்பிளால் கிட்டத்தட்ட நின்றுபோகப் பார்த்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

2

அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தது 2005-இல். வந்த வாரத்திலேயே டென்னிஸ் ஒரு பை ஆப்பிளைக் கொண்டுவந்து என் கணவர் ரவியின் கையில் கொடுத்துவிட்டு, முதுகில் தட்டிவிட்டுப் போனார். ரவிக்கு அப்போது ஜலதோஷம். பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"வசந்தி, எனக்கு என்னமோ இருக்குது. அவுருக்குத் தெரிஞ்சிருக்குது, நமக்குத் தெரியல."

சிரிக்காதீர்கள். அவர் குறிஞ்சிப்பாடிக்காரர். கடலூர் ஜில்லாவில் பிறந்த எவருக்கும் இந்தப் பயம் வரும். நம் பக்கத்தில் நல்லா இருக்கிறவன் வாழைப்பழம் தின்பான், பலாப்பழம் தின்பான், முந்திரிப்பழம்கூடத் தின்பான். ஆப்பிள் என்றால் அது ஆஸ்பத்திரிக்குப் போகிற பழம். பெரியாஸ்பத்திரி வாசலில் பழக்கடைக்காரர் ஆப்பிளைத் துடைத்து அடுக்கியிருப்பார். நாலு ஆப்பிள், ஒரு ரொட்டி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். கட்டிலோரம் அவை எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்று பார்த்தே நோயாளி தன் நிலைமையைத் தெரிந்துகொள்வான்.

ரவி மறுநாளே டாக்டரைப் பார்க்கக் கிளம்பினார். இங்கே டாக்டரைப் பார்க்க முதலில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்ய முகவரிக்குச் சான்று வேண்டும். முகவரிக்குச் சான்றாகக் கரண்டு பில் வேண்டும். கரண்டு பில் வர மாதக் கணக்கில் ஆகும். எல்லாம் முடிந்து அவர் டாக்டரின் முன்னால் போய் உட்கார்ந்தபோது ஜலதோஷமும் போய்விட்டது, ஆப்பிளும் தீர்ந்துவிட்டது. என்ன தொந்தரவு என்று டாக்டர் கேட்டதற்கு, பக்கத்து வீட்டுக்காரர் ஆப்பிள் கொடுத்தார் என்று இவர் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பட்டைப் பொடி தூவிச் சுட்டால் நன்றாக இருக்கும் என்று சொல்லி அனுப்பினாராம்.

இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சிரித்ததோடு நான் மறந்தும் போனேன். அடுத்த மூன்று வருஷத்தில் எனக்கு ஆப்பிள் என்றால் கொல்லை, விருந்து, வாசற்படிப் பை என்று ஆகிவிட்டது.

3

பாபு சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு வேலைக்குப் போனான். கயல் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு வேலைக்கு வந்தாள். தினமும் எதிரெதிர்த் திசையில் போகிற பஸ்ஸில் இருந்தவர்கள் எப்படிச் சந்தித்துக்கொண்டார்கள் என்று அம்மா கேட்டதற்கு இன்றுவரை பதில் கிடையாது.

அம்மாவுக்குக் கயலைப் பிடித்துப்போயிற்று. ஆனால் அம்மாவிடம் ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அவள் தங்கையைக் கட்டிக்கொடுத்த வீட்டில் மாப்பிள்ளைக்கு இருந்த நோயை மறைத்துவிட்டார்கள். சித்தி இரண்டே வருஷத்தில் தனியாக நின்றாள். அதிலிருந்து அம்மா யார் கல்யாணப் பேச்சு எடுத்தாலும் இதைத்தான் சொல்வாள்:

"நகை வேணாம், நட்டு வேணாம். எங்கிட்ட எதையும் மறைக்கக் கூடாது. மறைச்சாங்கன்னு தெரிஞ்சா, பந்தியில உக்காந்திருந்தாலும் எழுந்து வந்துடுவேன்."

வாய்ச்சொல் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். பாபுவுக்கு முன்பு பேசிய ஓர் இடத்தில் பெண்ணின் வயதை இரண்டு வருஷம் குறைத்துச் சொன்னதற்காகத் தட்டு மாற்றுகிற அன்று காலையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பாபு கயலைத் தவிர வேறு யாரையும் கட்ட மாட்டான். அம்மாவை மீறியும் கட்ட மாட்டான். அவ்வளவு நல்லவன். அதுதான் அவனிடம் உள்ள குறை.

ஆகஸ்ட் மாதம், பள்ளிக்கூட விடுமுறையில், நான் நிலாவை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். ரவிக்கு லீவு இல்லை. நிச்சயத்துக்கு முன்னால் கயலின் அப்பா அம்மாவை வீட்டுக்கு அழைத்து ஒரு விருந்து போடுவதாக ஏற்பாடு. வெளிநாட்டு நாத்தனார் என்று ஒரு பெயர் வாங்க வேண்டாமா? எங்கள் மரத்தில் காற்றுக்கு விழுந்த புளிப்பு ஆப்பிள்களைப் புடவைகளுக்கு நடுவே சுற்றி வைத்துக் கொண்டு போனேன்.

விமான நிலையத்தில் பிடித்துவிட்டார்கள். பழம், காய், செடி எதையும் கொண்டுவரக் கூடாதாம். சட்டம் அது, தப்பு என்மேல்தான். அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் அடுக்கினார். ஒரு படிவம், அதற்கு ஒரு நகல், நகலுக்கு ஒரு கையெழுத்து. எல்லாம் முடிந்து நான் பெட்டியை மூடும்போது அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"யாருக்கும்மா உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் இல்ல சார், விருந்துக்கு" என்றேன். அவர் நம்பவில்லை. "நல்லாயிடுவாங்க, கவலப்படாதீங்க" என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

4

அப்பா இருந்தவரை அண்ணாமலை நகர் குவார்ட்டர்சில் இருந்தோம். அவர் போனபின் அம்மா சிதம்பரத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு மாறிவிட்டாள். அந்த வீட்டு அடுப்படியில்தான் எங்கள் சண்டை நடந்தது. நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் இரண்டு பை ஆப்பிள் வாங்கி வந்திருந்தேன். கடைக்காரர் கேட்காமலேயே ரொட்டிப் பாக்கெட்டை எடுத்து மேலே வைத்ததையும், "எந்த வார்டும்மா?" என்றதையும் நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

"ஆஸ்பத்திரிப் பழத்தப் போயி சம்பந்திக்குப் போடுவாங்களாடி?" என்றாள் அம்மா.

"அங்க விருந்துன்னாலே ஆப்பிள்தாம்மா."

"அங்க குளிருக்குக் கம்பளி போர்த்திக்கினு தூங்குறாங்க. இங்கயும் போர்த்திக்குவியா?"

பாபு உள்ளே வந்து பார்த்துவிட்டு, "அக்கா, ஒரு சாம்பார், ஒரு வாழக்கா வறுவல் போதும்க்கா. வம்பு வேணாம்க்கா" என்று கெஞ்சினான். நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. குடிக்க ஆப்பிள் ஜூஸ். இலையில் வெல்லம் போட்டு ஆப்பிள் பச்சடி, சம்பா சாதத்துக்கு ஆப்பிள் கொத்சு, பிறகு ஆப்பிள் ரசம், கிண்ணத்தில் ஆப்பிள் பாயாசம். ஊர் ஆப்பிளில் புளிப்பு இல்லாததால் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து சரிக்கட்டினேன். அத்தோடு விட்டேனா? வெளிநாட்டுப் பழக்கத்தில் உப்பையும் எண்ணெயையும் பாதியாக்கினேன். அம்மா கொத்சை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள்.

"பத்தியச் சாப்பாடு" என்றாள்.

5

கயலின் அப்பா தணிகாசலம் மாமா நல்ல ஆகிருதி. கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பரின்டெண்டெண்ட். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "சம்பந்தி வீட்டு வாசன மெயின்ரோடு வரைக்கும் வருதே!" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பின்னாலேயே கயலின் அம்மாவும் கயலும். மாமா நிலாவைத் தூக்கி உட்கார வைத்து, "லண்டன் பாப்பா, மாமாகூட டூவா பழமா?" என்று கேட்டார். நிலாவுக்கு அது புரியவில்லை. "வேணாம்" என்றாள். மாமா வீடே அதிரச் சிரித்தார்.

நான் ஜூஸைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவர் நிறுத்தினார்.

"இது என்னாம்மா, ஆப்பிளா?"

"ஆமாம் மாமா. உங்களுக்குன்னே பண்ணுனேன்."

அவர் சிரிப்பு பாதியாயிற்று. அத்தை அவர் முகத்தைப் பார்த்தாள். நான் அதைக் கவனித்தேன். ஜூஸ் அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

இலை போட்டோம். பச்சடியைத் தொட்டு நாக்கில் வைத்தார். "இதுவும் ஆப்பிள்" என்று அவராகவே சொல்லிக்கொண்டார். கொத்சைச் சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்தார். அவர் நெற்றியில் வியர்த்தது. மின்விசிறியைக் கூட்டி வைத்தேன்.

"உப்பு..." என்று இழுத்தார்.

"கொறச்சுதான் போட்டேன் மாமா. எண்ணெயும் பாதிதான். நெஞ்சுக்கு நல்லது பாருங்க!"

இதை நான் பெருமையாகத்தான் சொன்னேன். மாமாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. அவர் மெல்லத் திரும்பி அத்தையைப் பார்த்தார்.

"நீயா சொன்ன?"

"ஐயோ, நான் யாருகிட்டயும் வாயத் தொறக்கலீங்க" என்றாள் அத்தை. அவள் கண் அதற்குள் கலங்கிவிட்டது.

அம்மா ரசப் பாத்திரத்தோடு அவர் இலைக்கு முன்னால் குனிந்தபடி நின்றாள். மாமா எச்சில் கையோடு கும்பிட்டார்.

"சம்பந்தி, மன்னிச்சுக்குங்க. மூணு எடத்துல அடப்புங்க. பாண்டியில காட்டுனேன். ஒடனே ஆபரேசன் பண்ணணும்னாங்க. தையில கல்யாணம் முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போட்டுட்டேன். ஆபரேசன்னு தெரிஞ்சா நீங்க வேணாம்னுடுவீங்களோன்னு பயம். பொண்ணுக்குக்கூடச் சொல்லலீங்க."

கயல் இலையிலிருந்து எழுந்தேவிட்டாள். "அப்பா, என்னாப்பா சொல்றீங்க?" என்றவள் அப்படியே அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாபு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். நீ ஏன் வந்தாய் அக்கா என்று அதில் எழுதியிருந்தது. தை மாதம் வரை அந்த மனிதர் தாங்கியிருப்பாரா என்பதெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவில்லை. மறைச்சாங்கன்னு தெரிஞ்சா பந்தியிலிருந்து எழுந்து வந்துடுவேன் என்ற அம்மாவின் குரல்தான் காதில் கேட்டது. எல்லாரும் அம்மாவைப் பார்த்தோம்.

அம்மா கரண்டியில் ரசத்தை மொண்டு, மாமாவின் பாயாசக் கிண்ணத்தில் ஊற்றினாள். எனக்கு மட்டும்தான் அது தெரிந்தது என்று நினைத்தேன். அப்புறம் நிமிர்ந்து, சாதாரணமாகச் சொன்னாள்:

"எங்களுக்குத் தெரியும் சம்பந்தி."

மாமா விழித்தார்.

"தெரிஞ்சுதான் இவள ஆப்பிள்ல சமைக்கச் சொன்னேன், உப்பு ஜாஸ்தி போடாதடின்னேன். நீங்களா வாயத் தொறந்து சொல்லுவீங்களான்னு பாத்தேன். சொல்லிட்டீங்க. எனக்கு அது போதும். ஆபரேசன் மொதல்ல நடக்கட்டும். கல்யாணத்த ஐப்பசியில வச்சிக்குவோம். இப்ப சாப்புடுங்க, சோறு ஆறுது."

மாமா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். கடைசியில் அந்தக் கிண்ணத்தையும் எடுத்து, முகம் கோணாமல், ஒரே மூச்சில் குடித்துவிட்டார். துக்கத்தில் ருசி தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "எதையும் மறைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு, நீயே இப்பிடிப் புளுகுறியேம்மா!"

"நம்ம வீட்டு எலையில கைய வச்சிக்கினு ஒரு மனுசன் அழுவுறாருடி. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னா, தானா வந்து மாட்டிக்கினோமேன்னு ஆயுசுக்கும் குறுகிப் போயிடுவாரு" என்றாள். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள்: "இத எப்பவும் அவுருகிட்ட சொல்லிடாத. சொன்னா, நான் மறைச்சதா ஆயிடும்."

ஆவணியில் ஆபரேஷன் நடந்தது. நாங்கள் இங்கே திரும்பி வந்திருந்தோம். பாபு மாப்பிள்ளை ஆவதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் கூடவே கிடந்தான். அம்மா போய்ப் பார்த்தபோது என்ன பழம் கொண்டுபோனாள் தெரியுமா? கொய்யாப்பழம். ஆப்பிள் போட்டு முடித்தாயிற்று என்றாளாம்.

6

அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் இதே நாளில் எல்லாரும் பாபு வீட்டில் கூடி எனக்குப் போன் போடுவார்கள். மாமா அம்மாவிடம் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார். "சம்பந்தி, இப்பவாவது சொல்லுங்க, என் விசயத்த உங்களுக்கு யாரு சொன்னது?" அம்மாவும் தவறாமல் ஒரு ஆளைச் சொல்வாள். முதல் வருஷம் மருந்துக்கடைப் பையன். அடுத்த வருஷம் பாண்டி பஸ் கண்டக்டர். போன வருஷம் கிள்ளையிலிருந்து கூடை கொண்டுவருகிற மீன்காரம்மா. மீன்காரம்மாவுக்கு இருதய அடைப்பு எப்படித் தெரியும் என்று மாமாவும் கேட்கவில்லை.

இன்று மதியம் நான் கொத்சைக் கிளறிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அங்கே சாயங்காலம். முதலில் மாமாதான் பேசினார்.

"என்னாம்மா வசந்தி, இன்னிக்கும் ஆப்பிளா?"

"ஆமாம் மாமா. இந்தத் தடவ யாரு சொன்னதா அம்மா சொன்னாங்க?"

"கரண்டு பில் எடுக்க வர்றவராம்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்திருக்க வேண்டும், பஸ் ஹாரன் கேட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்கிட்ட ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சிக்க. யாரும் சொல்லலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "எப்பிடி மாமா?"

"ரசத்தக் கொண்டாந்து பாயாசத்துல ஊத்துனாங்கம்மா உங்கம்மா. முன்னாடியே தெரிஞ்சவங்களா இருந்தா கை அப்பிடியா தடுமாறும்? அதக் குடிச்சவன் நான்தான? எனக்காவ ஒரு பொய் சொன்னாங்க. அது நெலைக்கட்டும்னுதான் குடிச்சேன்."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அடுப்படியில் மிளகாய் நெடி என்று நிலாவிடம் சொல்லிக்கொள்ளலாம்.

"அப்புறம் எதுக்கு மாமா வருசா வருசம் கேக்குறீங்க?"

"நான் கேக்கலைன்னா அவுங்களுக்குச் சந்தேகம் வந்துடும்மா. தெரிஞ்சிபோச்சோன்னு பயந்துடுவாங்க. அதோட, இந்த நாலு வருசத்துல உங்கம்மா எவ்வளவு ஜோரா ஆள் புடிக்கிறாங்க தெரியுமா? ... இரு, வர்றாங்க. சொல்லிடாத."

போன் கை மாறியது. அம்மா வழக்கம்போல மழை, நிலாவின் படிப்பு, ரவியின் உடம்பு எல்லாம் விசாரித்தாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அவளும் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏண்டி, அவுரு எதாவது சொன்னாரா? இன்னும் நம்புறாரா?"

கொத்சு அடிப்பிடிக்கத் தொடங்கியிருந்தது. அடுப்பை அணைத்தேன்.

"நம்புறாரும்மா" என்றேன்.